இடது கை

கத்திரி தொடங்கிய அன்றைக்குத்தான்
லூதியானாவிலிருந்து பார்சல் வந்தது.
கூரியர் பையன் தூக்கிப் பார்த்தான்.
"என்னக்கா, பஞ்சா?"
"ஸ்வெட்டருக்கு நூல்."
சத்துவாச்சாரியில் அதற்குமேல் கேள்வி கிடையாது,
சிரிப்புதான்.

தண்ணீர் இல்லாத ஆறு
மரம் இல்லாத மலை
ராஜா இல்லாத கோட்டை என்று
இந்த ஊருக்கு ஒரு பட்டியல் உண்டே,
அதன் கடைசியில் என்னைச் சேர்த்தவர்
மாடிவீட்டு கோவர்த்தனன்:
"குளிர் இல்லாத ஊர்ல கம்பளி."

பகலில் நான் ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில்
பில் போடுகிறேன்.
சுண்ணாம்புத் தொட்டியில் ஆட்டுத்தோலின் மயிரை
அங்கே கழித்துத் தள்ளுகிறார்கள்.
ராத்திரி அதையே காசு கொடுத்து வாங்கி
மடியில் போட்டுக்கொள்கிறேன்.
முழங்காலில் ஈரத் துண்டு,
உள்ளங்கையில் பவுடர்.
இல்லாவிட்டால் ஊசியில் நூல் நகராது.

பேட்டர்ன் என்பது
எங்கோ பனியில் உட்கார்ந்து ஒருத்தி எழுதிய
சமையல் குறிப்பு.
ஆனால் 'உப்பு தேவையான அளவு' என்று மட்டும்
எழுதவே மாட்டாள்.
நாற்பத்தேழாம் வரிசை:
இரண்டு நேர், இரண்டு புரட்டு,
ஒன்றைப் பின்னாமல் தள்ளு, இரண்டைச் சேர்.
அந்த நேரம் பார்த்து குக்கர் கத்தும்.
கண்ணியை எண்ணினேனா, விசிலை எண்ணினேனா,
பருப்பும் குழைந்தது, வரிசையும் போச்சு.

முதல் சால்வை
படத்தில் முக்கோணம்.
என் கையில் அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லாத வடிவம்.
இன்வெர்ட்டர்மேல் போட்டிருக்கிறேன், தூசிக்கு.

தயாநிதிக்குப் போட்ட பச்சை ஸ்வெட்டரில்
வலது கை மணிக்கட்டு வரை.
இடது கை நகத்தைத் தாண்டித் தொங்கியது.
அதே ஊசி, அதே எண்ணிக்கை.
ஒன்று மார்கழியில் பின்னியது, மற்றது மே மாதம்.
வெயில் ஏற ஏற
என் பிடி தளர்ந்திருக்கிறது,
எனக்கே தெரியாமல்.
ஃபேனை ஐந்தில் வைத்து
நான்கு நிமிடம் போட்டிருந்தார்.
போட்டோ எடுத்தோம்.
"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு
நேராகக் குளிக்கப் போனார்.

ஆடியில் ஒருநாள்
கோவர்த்தனன் வாசலில் நின்றார்.
சிரிக்கவில்லை.
செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.
"நாலு மணி நேரம் ஏசில படுக்கணும்மா.
வெளிய போன ரத்தம்
திரும்பி உள்ள வரும்போது ஜில்லுனு வருது.
பல்லு கிட்டுது."
கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்தார்.
"உங்கிட்ட ஏதாச்சும் இருக்கா?"

பச்சையைக் கொடுத்தேன்.
வெள்ளிக்கிழமையே திரும்பி வந்தது.
ஊசி குத்துவது இடது கையில்,
அதன்மேல் எதுவும் இறுகக் கூடாதாம்,
சுருட்டி ஏற்றவும் முடியவில்லை, அவ்வளவு கனம்.

பேட்டர்னைக் கடைசிப் பக்கம் வரை தேடினேன்.
கழுத்துக்கு வழி இருக்கிறது,
தலைக்கு, இடுப்புக்கு இருக்கிறது.
அந்தப் பனிக்காரி
இதை யோசித்திருக்கவில்லை.

இடது கையை மட்டும் பிரித்தேன்.
மே மாதம் முழுக்க ஒரே இழுப்பில்
உருவிக்கொண்டு வந்தது.
குழலாகச் சேர்க்காமல் தட்டையாகப் பின்னி
மணிக்கட்டிலிருந்து தோள் வரை திறந்து விட்டேன்.
லாங் பஜாரில் பொத்தான்,
ஏழு, பித்தளை நிறம்.
எனக்கே கொஞ்சம் கர்வம்.

"பொத்தான் வேணாம்மா" என்று வந்து நின்றார்.
"நர்ஸுக்கு ஏழையும் அவிழ்க்க ஏது நேரம்.
டிச் பட்டன் வை."

வைத்தேன்.
பேட்டர்ன் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
இடது கை, ஊசிக்கு வழி விடவும்.
எத்தனை கண்ணி, எத்தனை வரிசை
எல்லாம் போட்டு,
கீழே தேதியும்.

இன்றைக்கு மாடிப்படியிலிருந்தே குரல் வருகிறது.
பக்கத்துக் கட்டில், குடியாத்தத்துத் தீப்பெட்டிக்காரர்,
தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம்.
நூலுக்குக் காசு கொடுத்துவிடுவாராம்.
ஒரே ஒரு விஷயம்,
அவருக்கு வலது கை.